ஒன்றரை மடங்கு வேகம்

என் தம்பி சொல்ல வந்ததைச் சொல்ல விடாமல் அவன் வாயை அடைத்தவள் நான். அதுவும் ஜெபத்தால்!

நீங்கள் வேறொன்றை எதிர்பார்த்திருப்பீர்கள். ஆம், ஆணும் ஆணும் காதலிக்கும் தாய்லாந்துத் தொடர்களை மூன்று ஆண்டுகளாக ஒளித்து ஒளித்துப் பார்க்கிறேன். மலேசியாவின் பாலிங்கில் ஒரு பல் மருத்துவரிடம் நோயாளிகளின் பெயரைப் பதிவு செய்பவள், ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவள், மதிய இடைவேளையில் கைப்பேசியும் கையுமாக... ஆனால் நான் ஒப்புக்கொள்ள வந்த குற்றம் அதுவல்ல.

எனக்குப் பொறுமை கிடையாது. மனத்தில் இருப்பதைச் சொல்ல அந்தப் பையன்கள் பத்துப் பகுதி எடுத்துக்கொள்வார்கள். மழையில் நிற்பார்கள், எதிரே கிண்ணத்து மீ நூடுல்ஸ் ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள்... ‘சொல்லித் தொலையேன்டா!’ என்று திட்டியிருக்கிறேன். வேகத்தை ஒன்றரை மடங்காக்கி, மௌனங்களைத் தாண்டித் தாண்டி முத்தத்துக்கு வந்துவிடுவேன்.

ஒரு தொடரில் அக்காள் ஒருத்தி தம்பியைப் பேச விடாமல் தடுத்தாள். ‘நீயெல்லாம் ஓர் அக்காளா?’ என்று கீழே கருத்தே எழுதினேன். பலர் அதை விரும்பினார்கள். இரண்டு நாள் எனக்கு அந்தப் பெருமை இருந்தது.

என் தம்பி அருளுக்குச் செர்டாங் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு வந்துவிடுவான். அந்த ஞாயிறு மாலை எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது வழக்கம். வருபவர்களுக்கு மீகூன், அதாவது அரிசிச் சேமியா, பிரட்ட நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, எனக்குப் பொண்ணு பாக்க வேணாம். நான் வந்து...” என்று அருள் நிறுத்தினான். ஒரு வெங்காயத்தை எடுத்து அவனும் உரிக்கத் தொடங்கினான்.

எனக்குத் தெரிந்துவிட்டது! அந்த மௌனத்தை எத்தனை தொடரில் பார்த்திருக்கிறேன்... இன்னும் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், சொல்லியிருப்பான்.

“அதெல்லாம் அப்புறம் பேசலாம்லா. ஆளுங்க வந்துருவாங்க, நாற்காலி எடுத்துப் போடு.”

எடுத்துப் போட்டான்.

வேதவாசகம் முடிந்ததும் ஆளுக்கொரு மன்றாட்டை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்வார்கள். என் முறை வந்தபோது எதிரே பிலோமினா அக்கா அருளையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வயதாகியும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று அந்த மாதத்தில் மூன்று முறை கேட்டுவிட்டவர். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

“என் தம்பி அருளுக்கு இந்த வருஷமே ஒரு நல்ல பொண்ணு அமையணும்னு மன்றாடுவோம்.”

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று வீடே சொன்னது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அருளும் சொன்னான். சொல்லாமல் எப்படி இருப்பான்? அத்தனை குரல்களுக்கு நடுவே அவன் குரல் மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது.

அறியாமல் செய்தேன் என்று நான் தப்பிக்க முடியுமா? அறிந்துதான் செய்தேன்! திரையில் இருந்த பையன்கள் என் வீட்டில் சாப்பிடுவதில்லை, என் பெயர் சொல்லி ஊரில் நடப்பதில்லை... அதனால்தான் அவர்களுக்காக அழ முடிந்ததோ?

இப்போது அருள் கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருகிறான். நலம் விசாரித்தால் “ஓகேலா அக்கா” என்று பதில் வரும். அன்று என்ன சொல்ல வந்தாய் என்று எத்தனையோ முறை தட்டெழுதி அழித்துவிட்டேன். தொடர்களை இப்போது வேகமாக ஓட்டுவதில்லை. அவர்கள் மௌனமாக நின்றால் நானும் பேசாமல் காத்திருக்கிறேன். அதனால் யாருக்கு என்ன பயன்?

அன்பியத்தார் நல்லவர்கள். எடுத்த மன்றாட்டைக் கிடைக்கும்வரை விடமாட்டார்கள். ஒவ்வொரு வாரமும் பிலோமினா அக்கா மறக்காமல் அருளுக்குப் பெண் கேட்டு மன்றாடுகிறார். எல்லாரும் பதில் சொல்கிறார்கள்.

நானும் சொல்கிறேன்...