ஆள் நிறைந்த வீட்டில் சுல்பா

குவைத்தில் ஒன்பது வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு சுல்பா சொந்த ஊரான கற்பிட்டிக்குத் திரும்பியபோது, தம்பி ஹஸ்மியின் வீட்டில் அவள் படுக்க இடம் தேட வேண்டியிருந்தது. உம்மா, ஹஸ்மி, அவன் பெண்சாதி நிஸ்மியா, பிள்ளைகள் நால்வர். போதாததற்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் பகல் முழுக்க வந்துபோவார்கள். அந்த வீட்டுக் கதவு பகலில் மூடி யாரும் பார்த்ததில்லை.

வந்தவர்கள் எல்லோரும் என்ன கொண்டு வந்தாய், எப்போது திரும்பிப் போகிறாய் என்றுதான் கேட்டார்கள். அங்கே எப்படி இருந்தாள் என்று அவள் சொல்லத் தொடங்கினால், அதெல்லாம் முடிந்துவிட்டதே என்று உம்மா பேச்சை மாற்றிவிடுவாள். மகளுக்கு வலிக்கும் என்று நினைத்துத்தான் மாற்றினாள்.

சுல்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நிஸ்மியா கூட்டிய முற்றத்தை மறுபடி கூட்டினாள். தேத்தண்ணி ஊற்றினாள், குடிக்காமல் எழுந்து போனாள். பின்னேரம் அஸர் தொழுததும் களப்புக் கரைக்கு நடந்தாள். தோணிகள் வரை போனாள், திரும்பினாள், மறுபடியும் போனாள்.

ராத்தா ஏன் தனியாகக் கரையில் நடக்கிறாள் என்று யாரோ ஹஸ்மியிடம் கடையில் வைத்துக் கேட்டுவிட்டார்கள். அவன் கோபப்படவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தனியா கரைக்குப் போகாதீங்க ராத்தா. சனம் கதைக்கும்."

"வீட்டுல என்னோட ஒருத்தரும் கதைக்கிறல்லயே ஹஸ்மி."

அவன் திகைத்துப்போனான். "எந்நேரமும் ஆள் இருக்கே."

அவனுக்குத் தனிமை என்றால் பூட்டிக் கிடக்கும் வீடு. ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான். இத்தனை பேர் நடுவில் ஒருத்தி தனித்துப்போனாள் என்றால் அது வீட்டாருக்குக் குறை.

வெங்காய அறுவடை வந்ததும், யாரிடமும் கேட்காமல் தாள் நறுக்கும் பெண்களோடு போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் கைருன்னிஸா. அவளும் வீட்டு வேலைக்கு வெளிநாடு போனவள், ஜித்தாவுக்கு. சில நாட்கள் வெயிலையும் விலையையும் பற்றிப் பேசினார்கள். பிறகு ஒரு காலை, கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமலே கைருன்னிஸா கேட்டாள்.

"ஒங்கட குசினிக்கு ஜன்னல் இருந்திச்சா?"

சுல்பாவின் கை நின்றது. இருந்தது என்றாள். எதிர் மாடிக் குசினியில் ஓர் எத்தியோப்பியப் பெண் சமைப்பாளாம். பெயர் தெரியாது. காலையில் ஒருவருக்கொருவர் கையசைப்பார்கள், அவ்வளவுதான். ஒருநாள் அங்கே வேறு பெண் நின்றாள். முந்தி இருந்தவள் எங்கே என்று யாரிடம் கேட்பது? அதைச் சொன்னபோதுதான் சுல்பா அழுதாள். தனக்கு ஜன்னலே இருக்கவில்லை என்றாள் கைருன்னிஸா. வெயில் அவர்கள் மேல் ஏறியது. இருவரும் நகரவில்லை.

அறுவடை முடிந்தும் சுல்பா கைருன்னிஸா வீட்டுக்குப் போய்வருகிறாள். ஹஸ்மிக்கு அது பிடிக்கவில்லை, தடுக்கவுமில்லை. வீட்டில் ஒரு பீங்கான் சோற்றைத் தின்று முடிக்கும்வரை அவளால் இன்னும் உட்கார முடிவதில்லை. முன்பு குவைத்துக்கு அனுப்பிய ஏஜென்ட், மறுபடி போகிறாயா என்று கோல் எடுத்துக் கேட்டபோது ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

போன வாரம் நிஸ்மியா கறி வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அங்க போய் என்னதான் கதைக்கிறீங்க மதினி?"

சொல்வதற்காகச் சுல்பா பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அதற்குள் உள்ளே பிள்ளை அழுதது. நிஸ்மியா எழுந்து போனாள்.