கோர்ட்டுக்குள் அக்கா கிடையாது

ஒரு பெண் வளையத்துக்கு நேர் கீழே நிற்கிறாள். பந்து அவள் கையில் இருக்கிறது. மறிக்க ஆளில்லை. எம்பிப் போடவேண்டியதுதான் பாக்கி. வேறு எந்த ஊராக இருந்தாலும் போட்டுவிடுவாள். எங்கள் கல்லூரியில் மட்டும், திரும்பி அக்கா எங்கே என்று தேடுவாள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு கலைக் கல்லூரியில் நான் உடற்கல்வி ஆசிரியை. பெண்கள் கூடைப்பந்து அணியும் என் தலையில்தான். உருக்காலைப் பக்கமிருந்து வரும் கரித்தூள் தினமும் கோர்ட்டில் படிந்துவிடும். பெருக்காமல் ஆடினால் வழுக்கும். பெருக்குவது முதலாம் ஆண்டுப் பெண்கள். குடிதண்ணீர் பிடித்து வருவதும் அவர்கள்தான். ஷூட்டிங் பயிற்சியில் அக்காக்கள் போடுவார்கள், இவர்கள் ஓடி ஓடிப் பந்து பொறுக்கித் தருவார்கள். இதை யாரும் உத்தரவாகப் போட்டதில்லை. நான் வேலைக்குச் சேருமுன்பே வேரோடிப்போன வழக்கம். பெருக்குவதும் தண்ணீர் பிடிப்பதும் தொலையட்டும் என்று விட்டுவிடலாம். அதே மரியாதையை ஆட்டத்துக்குள்ளும் கொண்டுவந்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

போன வருடம் முதலாம் ஆண்டில் ஒருத்தி வந்து சேர்ந்தாள். புதுவாயல்காரி. அப்பா இரும்புக்கம்பி ஆலையில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அணியிலேயே அவள்தான் உயரம். தனியாக விட்டால் இடது கையாலும் போடுவாள், வலது கையாலும் போடுவாள். இப்படி ஒருத்தி கிடைக்கமாட்டாளா என்று நான் வருடக்கணக்காக ஏங்கியிருக்கிறேன். கிடைத்தாள். அதற்குப் பிறகுதான் எனக்குப் பிடித்தது தலைவலி.

அவளுடைய அப்பா ஆரம்பத்திலேயே ஒரு கெடு வைத்துவிட்டார். ஷிப்ட் முடிந்து சைக்கிளோடு கல்லூரி வாசலுக்கு வந்தவர் என்னிடம் சொன்னார்: "மேடம், இந்த வருசம் யூனிவர்சிட்டி டீமுக்கு எடுத்தாங்கன்னா ஆடட்டும். எடுக்கலன்னா பந்த வச்சிட்டு படிக்கட்டும். இருட்டுல பஸ் ஏறி வருது, அவங்கம்மா பயந்துக்கினே கீது." அவர் கேட்டதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பல்கலைக்கழக அணித் தேர்வாளர்கள் மண்டலப் போட்டிக்கு வருவார்கள். யார் புள்ளி எடுக்கிறாள் என்று பார்ப்பார்கள். இவள் ஆடினால் நிச்சயம் எடுப்பார்கள். ஆகவே இவளை ஆட்டத்தில் இறக்கவேண்டும், இவள் பந்தை வளையத்தில் போடவேண்டும். இவ்வளவுதான் என் வேலை.

இறக்குவதே முதலில் பெரும்பாடாகிவிட்டது. கோர்ட்டில் ஐந்து பேருக்குத்தான் இடம். அந்த ஐந்தையும் மூன்றாம் ஆண்டுக்காரிகள் பரம்பரைச் சொத்தாக நினைத்திருந்தார்கள். ஒருத்தியை உட்காரச் சொன்னால் மூக்கு சிவந்துவிடும். "எங்களுக்குக் கடைசி வருசம் மேடம். அதுக்கு இன்னும் ரெண்டு வருசம் கீதே, அப்புறம் ஆடிக்காதா?" இரண்டு வருடம் கழித்து ஆடவேண்டுமென்றால் இந்த வருடம் கற்றுக்கொள்ள வேண்டாமா? பெஞ்சில் உட்கார்ந்தபடி யாராவது நீச்சல் கற்றிருக்கிறார்களா? கேட்டேன். மறுநாள் அவர்களுடைய துறைத்தலைவர் என்னை அழைத்து, பிள்ளைகள் மனம் நோகும்படி ஏன் நடக்கிறீர்கள் என்று விசாரித்தார். அவருக்குக் கூடைப்பந்தில் எத்தனை பேர் என்றே தெரியாது.

சண்டை போட்டுத்தான் ஒரு ஆட்டத்தில் அவளுக்கு இரண்டாவது குவார்ட்டரை, பத்து நிமிடத்தை, வாங்கிக் கொடுத்தேன். இறங்கினாள். வளையத்தில் பட்டுத் தெறித்த பந்தை, ரீபவுண்ட், எடுத்தாள். எடுத்த கையோடு திரும்பி, மூன்று பேர் சூழ்ந்து நிற்கிற கேப்டனுக்குத் தூக்கிப் போட்டாள். பந்து பறிபோயிற்று. நான் ஓரத்தில் நின்று கத்தினேன். அடுத்த பந்தையும் அப்படியே கொடுத்தாள்.

"நீயே போடவேண்டியதுதானே?"

"அக்கா நிக்கிறாங்களே மேடம். அவங்க இருக்கசொல்ல நான் எப்டி?"

கேப்டனைக் குறை சொல்லமுடியாது. பள்ளிப்பட்டுப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண், விடுதியில் தங்கியிருந்தாள். நல்ல மனசு. "என் மூஞ்சியப் பாக்காதடி, ரிங்கப் பாருடி" என்று அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். சரிங்கக்கா என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் அவளிடமே பந்தைக் கொடுப்பாள் இவள்.

கடைசியில் சட்டம் போட்டேன். கோர்ட்டுக்குள் அக்கா கிடையாது. வெளியே என்ன வேண்டுமானாலும் அழைத்துக்கொள்ளுங்கள், கோட்டைத் தாண்டினால் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும், தேவையானால் "பந்து!" என்று கேட்டு வாங்கவேண்டும் என்றேன். பெயரைச் சொன்னார்கள், அதன் வாலில் ஒரு "க்கா"வையும் ஒட்டினார்கள். பெயரே வேண்டாம், சட்டை நம்பரைச் சொல்லுங்கள் என்றேன். மறுநாள் பயிற்சியில் "ஏழு அக்கா, ஏழு அக்கா" என்று கேட்டது. சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. பந்து கேட்பது மட்டும் வரவே இல்லை. அக்காவிடம் கேட்பதாவது! தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தும் ஒரு ஜூனியர் வாயிலிருந்து அந்த ஒற்றைச் சொல்லை என்னால் வரவழைக்க முடியவில்லை.

மண்டலப் போட்டி திருவள்ளூரில் நடந்தது. பெரியபாளையம் வழியாகக் கல்லூரி வேனில் போய்ச் சேர்ந்தோம். அவளுடைய அப்பா ஷிப்ட் மாற்றிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். தேர்வாளர்கள் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசிக் குவார்ட்டர் வரைக்கும் சமமாகவே போனது. அதுவரை எங்கள் நெட்டைக்காரி எடுத்த ரீபவுண்ட் எல்லாம் அக்காவுக்கே போய்க்கொண்டிருந்தது. டைம் அவுட்டில் கேப்டன் என் கையைப் பிடித்தாள். "நான் குந்திக்கிறேன் மேடம். நான் உள்ள இருந்தா அவ போடமாட்டா."

கடைசி வருடம், கடைசி ஆட்டம், கேப்டன். தானாக எழுந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் சொன்னதும் சரிதான். இனி கோர்ட்டுக்குள் தேடினாலும் இவளுக்கு அந்த அக்கா கிடைக்கமாட்டாள்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். எதிரணி குறி தவறியது. இவள் பந்தை எடுத்து, தானே தட்டிக்கொண்டு போனாள். எல்லோரையும் தாண்டிவிட்டாள். வளையத்துக்கு அடியில் தனியாக நின்றாள். பெஞ்சிலிருந்து கேப்டன் துள்ளியெழுந்து, சந்தோஷம் தாங்காமல் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

குரல் கேட்டுத் திரும்பினாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பந்தை அவளிடம் போட்டுவிட்டாள்.

கோர்ட்டுக்கு வெளியே, பெஞ்சுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த அக்காவிடம். அருமையான பாஸ், நேராக மார்புக்கு வந்தது. கேப்டனும் பிடித்துவிட்டாள். நடுவர் விசில் ஊதினார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. "எனக்கு இன்னாத்துக்குடி குட்த்த? நான் வெளிய கீறேன்டி!" என்று பந்தைக் கட்டிக்கொண்டு அழுதாள் கேப்டன். அவள் கேட்டபிறகுதான் இவளுக்கே என்ன செய்தோம் என்று புரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு புள்ளியில் தோற்றோம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. தேர்வாளர்களிடம் போய் மன்றாடினேன். ரீபவுண்டைப் பாருங்கள், வேகத்தைப் பாருங்கள், பதினெட்டு வயதுதான் ஆகிறது என்றேன். "நல்ல பொண்ணுதான் மேடம், அடுத்த வருசம் பாக்கலாம்" என்றார்கள். அடுத்த வருடம் என்று அவளுக்கு ஒன்று இல்லை என்பதை அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

அவளுடைய அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன். நிஜமாகவே புரியாமல் கேட்டார். "அந்தப் பொண்ணு வெளியதானே மேடம் இருந்துச்சு, எதுக்கு அதுங்கிட்ட குட்த்துச்சு?" எனக்குப் பதில் தெரியும். அவர் அதற்குக் காத்திருக்கவில்லை. "படிக்கட்டும் மேடம்" என்று மகளுடைய பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் பின்னாலேயே போனாள்.

கேப்டன் படிப்பை முடித்து ஊருக்குப் போய்விட்டாள். இவள் இப்போது இரண்டாம் ஆண்டு. சாயங்காலம் கல்லூரிப் பேருந்துக்கு கோர்ட் ஓரமாகத்தான் நடந்து போகவேண்டும். வேகமாகப் போவாள். நான் கூப்பிடுவதில்லை. இரண்டு முறை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பேசியாகிவிட்டது, டீ கொடுத்து மரியாதையாக அனுப்பிவிட்டார்கள்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த முதலாம் ஆண்டுப் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து உருண்டு வெளியே போய், பேருந்துக்கு நடந்துகொண்டிருந்த அவள் காலடியில் நின்றது. உள்ளே ஒரு குட்டிப்பெண், சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கையை உயர்த்தி அதிகாரமாகக் கத்தினாள். "அக்கா, பந்து! இங்க குடுங்க, சீக்கிரம்!"

அவள் குனிந்து எடுத்தாள். வளையத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் கைக்கு நேராகக் கொடுத்துவிட்டுப் பேருந்துக்குப் போனாள். ஒரு ஜூனியர் அக்காவிடம் பந்து கேட்டு நான் பார்த்தது அன்றுதான். அந்த அக்கா கோர்ட்டுக்கு வெளியே இருந்தாள்.