வன்னி வயலைக் கேட்டு ஊதும் லுஷெங்

முதலாளியின் தையல் கடைச் சுவரில் ஒரு தலையணை உறை தொங்கும். உள்ளே, மரக்குடுவையில் செருகிய ஆறு மூங்கில் குழல்கள். முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், பலேர்மோவின் கபோ சந்தைக்குப் போகிற வழியில் பாவாடை சுருக்கக் கொண்டுவரும் சிஞ்ஞோராக்கள், இத்தாலிய அம்மாமார், திரைச்சீலைக் கம்பி என்ன விலை என்று கேட்பார்கள். முதலாளி கோபிக்கமாட்டார். வயல் வெட்டி முடியட்டும், ஊதிக் காட்டுகிறேன் என்பார். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் குனிந்து ஊசியில் நூல் கோப்பேன்.

முதலாளி சீனாவின் மலைநாட்டு மியாவ் இனத்தவர். அந்தக் குழலுக்குப் பெயர் லுஷெங். மூச்சை விட்டாலும் இழுத்தாலும் பாடும். ஊதுகிறவர் சுழன்று ஆடிக்கொண்டே ஊதவேண்டும். விருந்தாளியை வரவேற்க, பெண்ணைக் கூப்பிட, செத்தவரை வழியனுப்ப, எல்லாவற்றுக்கும் அதுதான். ஆனால் அவருடைய ஊரில் நாற்று நட்டதிலிருந்து அறுவடைவரை ஊதக்கூடாது. சத்தம் கேட்டால் பயிர் வளர மறந்து நின்றுவிடுமாம். பலேர்மோவில் எங்களைச் சுற்றி மீன்கடையும் கத்தரிக்காய்க் கடையும்தான். ஆனாலும் ஊரில் தன் வயல் வெட்டும்வரை மனுசன் அசையமாட்டார்.

ஒரு வைகாசியில் எனக்குக் கல்யாணம்; எங்களைப்போல இலங்கையிலிருந்து வந்த குடும்பத்து மாப்பிள்ளை. ஜெர்மனியிலிருந்து வரவேண்டிய நாதஸ்வரக்காரர் கன்னம் வீங்கிக் கூகைக்கட்டோடு படுத்துவிட்டார். தவில்காரர் ஊருக்குள்ளேயே, ஒரேத்தோ தெருப் பக்கம் இருந்தார், ஊதத்தான் ஆளில்லை. போனில் போடலாம் என்றார் அப்பா. மாப்பிள்ளையின் தாய், என் மாமி, ஒற்றைக் காலில் நின்றார். போன் சத்தத்துக்குத் தன் மகன் தாலி கட்டமாட்டான், ஆவணிக்குத் தள்ளுவோம் என்றார். தள்ளிவைத்த கல்யாணங்கள் என்ன கதியாயின என்று பார்த்தவள் நான்.

சட்டை தைக்கக் கொடுக்க வந்த மாமியின் கண் சுவருக்குப் போனது. மாரிகாலத்தில் முதலாளி ஊதியதை அவர் கேட்டிருக்கிறார். இவரையே கேள் என்றார். நான் இத்தாலியனில் கேட்டேன். வயல் பச்சையாக நிற்கிறதே என்று முதலாளி கையைப் பிசைந்தார். போதாததற்கு, இதைச் செத்தவீட்டிலும் ஊதுவோம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

மாமி என் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். தினமும் அதில் பாதி முதலாளிக்குத்தான்.

"இவர் இஞ்சை தின்னுறது ஆரின்ரை சோறு? வன்னியிலை என்ரை தம்பி விளைவிச்ச சிவப்பரிசி. அந்த வயல் மாசியிலையே வெட்டியாச்சு. ஊதச் சொல்லு."

முதலாளி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். மூலையில்கூட ஒரு கதிர் நிற்கவில்லையா என்று கேட்டார். மாமி உடனே தம்பிக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். திரையில் வெட்டிய நெல்தாளும், மேய்கிற மாடுகளும். முதலாளி மாடுகளை வெகுநேரம் பார்த்தார்.

தாலி கட்டும் நேரம் அவர் மணவறையைச் சுற்றிச் சுழன்று ஊதினார். தவில்காரர் அவரை விடாமல் துரத்தினார். தலை சுற்றிய மாப்பிள்ளை, தாலியோடு என் தலைமயிரையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். அவ்வளவு சந்தோசமாக நான் அதற்கு முன் சிரித்ததில்லை.

பிறகு ஒரு வருடம், முதலாளியின் ஊரில் அவருடைய வயலுக்கு மேலாலேயே பெருந்தெரு போட்டார்கள். இனி நினைத்த நேரம் ஊதலாமே என்றேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல். காத்திருக்க வயல் இல்லையென்றால் எப்போது ஊதுவது என்று கேட்டார். அறுவடைக் காலம் வந்தும் அந்த உறையைத் தொடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமிக்குச் சொன்னேன். மறுநாளே வந்து, எங்கடை வயல் இருக்குத்தானே, அதைப் பார்த்து ஊதட்டும் என்று முடிவு சொல்லிவிட்டார்.

அதிலிருந்து கடைக்கு வன்னிக் கணக்குத்தான்: அங்கே விதைத்தால் குழலுக்கு உறை, வெட்டினால் ஊதல். சீனப் புத்தாண்டுக்கு ஊதச் சொல்லி மற்றச் சீனக் கடைக்காரர்கள் வந்தால், வன்னியில் நெல் நிற்கிறது என்று திருப்பி அனுப்புகிறார். அவர்களும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.

இப்போது ஐப்பசி. இன்று காலை மாமியின் தம்பி போன் எடுத்து, விதைத்து முடிந்தது என்றார். நானும் பக்கத்தில் இருந்தேன். மத்தியானம் மாமி கடைக்கு வந்தபோது, முதலாளி உறையைக் கையில் வைத்துக்கொண்டு, மூடுவதா வேண்டாமா என்பதுபோலப் பார்த்தார்.

"இன்னும் மழை இல்லையாம். விதைக்கேல்லை," என்றார் மாமி.

நான் திகைத்துப்போய் மொழிபெயர்த்தேன். முதலாளி உறையை மேசையில் எறிந்துவிட்டுக் குழலை எடுத்தார். நான் மாமியை முறைத்தேன்.

"என்னடி பாக்கிறாய்?" என்றார் மெதுவாக. "நெல்லு ஒரு கிழமைக்கு வளர மறந்தால் மறக்கட்டும். அதுவும் நிண்டு கேக்கட்டும்."