கமிஷனர் ஆர்வில் டேக்கெட்டின் கோழிக்கறி

டென்னசியில் ஆர்வில் டேக்கெட்டைப் போல ஒரு கெட்டவர் பிறந்ததில்லை. இனிப் பிறக்கப் போவதுமில்லை. தொலைக்காட்சியில் அவர் புருவத்தைத் தூக்கினால் மிசிசிப்பி ஆறே பயந்து வந்த வழியில் திரும்பும். மெம்பிஸில் கைக்குழந்தைகள் முதலில் பேசும் சொல் ‘அம்மா’ இல்லை, ‘ஆர்வில் ஒழிக’.

போன வருஷம் வரை அவர் நல்லவர்தான். குளோவிஸோடு ஜோடி சேர்ந்து பதினைந்து வருஷம் மல்யுத்த மேடையில் உருண்டவர். கழுத்தில் ஒரு எலும்பு நகர்ந்ததும் டாக்டர் தடை போட்டார். மல்யுத்தக் கம்பெனி முதலாளி ஒரு கோட்டும் சுழல் நாற்காலியும் கொடுத்து, “இனிமே நீதான் கமிஷனர். யாரு யாரோட மோதணும்னு டிவியில தீர்ப்பு சொல்றவன். நியாயமா மட்டும் எதுவும் பண்ணிடாதே” என்றார்.

பதினாறு வயது மகள் நடீனுக்கு முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. போன சனிக்கிழமையோடு அந்த வேடிக்கை போய்விட்டது. அடுத்த வாரம் குளோவிஸ் தனியாளாக மூன்று பேரோடு மோத வேண்டும், தோற்றால் ஊரை விட்டே போக வேண்டும் என்று அப்பா அறிவித்தார்.

மேடைச் சண்டை நாடகம் என்று நடீனுக்குத் தெரியும். ஆனால் தோற்றவன் ஊரை விட்டுப் போவது நாடகமில்லை. முன்பு ஒருவர் தோற்ற மறுநாளே பெண்டாட்டி, நாய், துணி துவைக்கும் மெஷின் சகிதம் டெக்சஸுக்கு வண்டியேறினார். கெட்டவனும் நல்லவனும் ஒன்றாகச் சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாது என்பது தொழில் சட்டம். அதனால் குளோவிஸ் மாமா வீட்டுப் பக்கமே வருவதில்லை.

“மாமாவை நெஜமாவே தொரத்துறியாப்பா?”

“கமிஷனர் முடிவே இறுதி முடிவு.” அவர் சோளரொட்டியில் வெண்ணெய் தடவினார்.

“அந்த வெண்ணெயக் கொஞ்சம் இப்படித் தள்ளு.”

“மனு குடு. பரிசீலிக்கிறேன்.”

நடீன் சிரிக்கவில்லை. கோட்டு உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டதோ என்று பயந்தாள்.

ஞாயிறு மதியம், தேவாலயம் முடிந்து வந்ததும், அப்பா வறுத்த கோழியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, “டயருக்குக் காத்தடிச்சிட்டு வரேன்” என்றார். டயர் என்றைக்குக் கோழி தின்றது? அவர் சாவியைத் தேடுவதற்குள் நடீன் வண்டியின் பின்பக்கத் தார்ப்பாய்க்குள் நுழைந்துவிட்டாள்.

மூடிக் கிடந்த பஞ்சாலைக்குப் பின்னால் வண்டி நின்றது. இன்னொரு காரும் வந்து நின்றது. இரண்டு கனத்த உடம்புகள் பின்பலகையில் உட்கார, வண்டி முனகியது.

“மொதலாளி என்னைக் கழட்டி விடப்போறான்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?” அது குளோவிஸ் மாமாவின் குரல்.

“தெரியும். சத்தமில்லாம அனுப்பியிருப்பான்டா. அப்படிப் போனவன எவன் கூப்பிடுவான்? நான் அநியாயமா தொரத்துனா ஊரே அழும். அலபாமா கம்பெனிக்காரன் உன்னைக் கேட்டு இப்பவே ரெண்டு தடவ போன் பண்ணிட்டான்.”

“ஊரு உன்னைக் காறித் துப்புமே, ஆர்வில்.”

“துப்பட்டும். கோழித் தொடைய எடு, ஆறுது.”

அழுகையை அடக்க நடீன் தார்ப்பாயைக் கடித்துப் பார்த்தாள். அப்படியும் மூக்கு உறிஞ்சிவிட்டது.

“எந்த ஊரு எலிடா இது, அழுவுது?” அப்பா தார்ப்பாயைத் தூக்கினார். “வா வெளிய. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல கேப்பாங்க. எங்கப்பன் படுபாவின்னு சொல்லணும். எங்க, சொல்லு.”

“எங்கப்பன்… படுபாவி.”

“பாசம் வழியிற இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டா? மூணு பேரும் மாட்டிக்குவோம். மறுபடி சொல்லு.”