விழுந்து கிடந்த பங்கு

சித்தப்பா எங்கள் பங்கை வாங்கப் போகிறார் என்று தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஊர்காவற்துறையில் எங்களைப் போன்ற வேதக்காரப் பிள்ளைகளுக்குப் பங்கு என்றால் ஒன்றுதான். கோயில், சுவாமியாரின் வீடு, பின்னால் சேமக்காலை, எல்லாம் சேர்ந்ததே பங்கு. அந்தச் சேமக்காலையில்தான் முந்தின வருடம் அம்மாவை அடக்கம் செய்திருந்தார்கள்.

சித்தப்பாவுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் கணக்கு எழுதும் வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் வீட்டு விறாந்தைக் கதிரையில் இருந்து, கைபேசியைத் தடவிக்கொண்டே அப்பாவுக்கு இரண்டாம் பிரசங்கம் வைப்பார். சுவாமியாருடையதை விட அது நீளம்.

"விழுந்து கிடக்கிற பங்காப் பாத்து வாங்கோணும் அண்ணை. இதுக்குக் கனக்கக் காணி கிடக்கு. சனத்துக்கு அது விளங்கேல்லை. காணியை மட்டும் வித்தாலே போட்ட காசு வந்திடும்."

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா கையை நிறுத்தினார். "எல்லாத்தையும் ஒண்டிலையே போடுறதோ? நாலைஞ்சிலை பிரிச்சுப் போடன்."

"கனக்க வைச்சிருந்தா ஆர் பாக்கிறது? ஆராய்ஞ்சு எடுத்தது ஒண்டு காணும்."

கதவடியில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் கோயிலின் மணிக்கூண்டு சண்டையில் விழுந்து, கல்லும் சுண்ணாம்புமாய் அப்படியே கிடந்தது. விழுந்து கிடக்கிற பங்கு வேறு எது? காணி என்றால் சேமக்காலை அல்லாமல் வேறு என்ன? நாலைந்து பங்காக வாங்கினாலாவது எங்களுடையது தப்பக்கூடும். ஒன்றே ஒன்று என்கிறாரே இந்த மனிதர்!

அந்தக் கிழமை முழுக்கப் பள்ளிக்கூடம் விட்டதும் சேமக்காலைக்கு ஓடினேன். யாராவது அளக்க வந்திருக்கிறார்களா, கட்டை அடித்திருக்கிறார்களா என்று பார்த்தேன். ஒரு நாள் மாடு ஒன்று உள்ளே நின்றதைக் கண்டு, காணி கைமாறிவிட்டது என்றே நினைத்து அழுதேன். சுவாமியாரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. பங்குத் தந்தையையும் சேர்த்துத்தானே விற்பார்கள்.

அடுத்த ஞாயிறு சித்தப்பா சிரித்த முகத்தோடு வந்தார். "வாங்கியாச்சு அண்ணை."

எனக்கு அடக்க ஏலவில்லை. "சித்தப்பா, நீங்கள் வாங்கின பங்குக்கை எங்கட அம்மா இருக்கிறாவெல்லே!"

விசயம் விளங்கியதும் சித்தப்பா கதிரை ஆட ஆடச் சிரித்தார். அது கொழும்பிலுள்ள ஒரு கம்பனியின் பங்கு என்றும், கோயிலை ஒருவரும் தொடமாட்டார்கள் என்றும் சொன்னார். ஒரு கிழமைப் பயம் ஒரே மூச்சில் போய்விட்டது. நானும் சிரித்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

அம்மாவின் சீதனக் காணியை விற்று அப்பா சித்தப்பாவிடம் கொடுத்த காசு முழுவதும் அந்த ஒரே பங்குக்குள் போனதென்பதை, எனக்குக் கலியாணம் பேசிய காலத்தில்தான் அறிந்தேன். எனக்கென்று அம்மா விட்டுப்போனது அது ஒன்றுதான். மணிக்கூண்டைக்கூடப் பின்னர் கட்டி எழுப்பிவிட்டார்கள். சித்தப்பா வாங்கிய பங்கு இன்னும் எழும்பவில்லை.

பங்கு வாங்கியாச்சு என்று சித்தப்பா சொன்ன அந்த ஞாயிறு பின்னேரம் அப்பா என்னைச் சேமக்காலைக்குக் கூட்டிப்போனார். அம்மாவின் குழியடியில் முழந்தாளில் இருந்தவர் நெடுநேரம் எழும்பவில்லை. தோள் குலுங்கியது. அம்மாவை ஒருவரும் விற்கவில்லை என்று அவரும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறார் என்று நினைத்து, நானும் சந்தோசமாகப் பக்கத்தில் முழந்தாளிட்டேன்.