நடுவில் நின்றுபோன சிரிப்புப் படம்

டிரம்பெட்டைப் புளி போட்டுத் தேய்க்கும்போது, புளிப்பும் பித்தளையும் கலந்து ஒரு வாடை வரும். இந்த வயதிலும் அது மூக்கில் ஏறினால் எழுந்து வெளியே போய்விடுவேன். தென்காசியில் நாங்கள் இருந்த வீட்டில் ஆனி பிறந்துவிட்டால் அந்த வாடைதான். குற்றாலத்தில் 'சீசன்' தொடங்கியதும் அருவிக்குப் போகிற வழியிலுள்ள மண்டபத்தில் மெல்லிசைக் கச்சேரிகள் நடக்கும். வருஷம் தவறாமல் அங்கே அப்பா டிரம்பெட் வாசிப்பார், அவருடைய கூட்டாளி செல்லையா மாமா டோலக் வாசிப்பார்.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் அந்த மேடை கைவிட்டுப் போனது. கீபோர்டு ஒன்றே எல்லா வாத்தியத்தையும் வாசித்துவிடுகிறதே, இத்தனை ஆள் எதற்கு என்று மண்டபத்துக்காரர் சொல்லிவிட்டார். மேடை கிடைக்காவிட்டால் கேரள எல்லையில் இருக்கும் புளியறை ஊரில் பெரியப்பா வைத்திருந்த புரோட்டாக் கடைக்கு வந்துவிடுவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். காலையிலிருந்து மாவு அடிக்கிறவருக்கு என்ன டிரம்பெட்? போனால் போனதுதான் என்று சின்னப்பிள்ளை எனக்கே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமா, வாடகைக் கடையிலிருந்து ஓர் இங்கிலாந்துப் படத்தின் 'சிடி'யை எடுத்துவந்தார். சிரிப்புப் படமாம். அட்டையில் ஒருவன் டிரம்பெட்டோடு நின்றான், அதுதான் எடுத்ததற்குக் காரணம். அவர்கள் பேசிய இங்கிலீஷ் ஒரு வார்த்தை பிடிபடவில்லை; ஆனால் கதை புரிந்தது, புரியாமல் என்ன? நடன மண்டபத்தில் வாசித்துப் பிழைத்த ஐந்து பேரை, பாட்டுப்பெட்டி ஒன்று வந்ததும் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அவர்கள் வழுக்கி விழுகிறார்கள், தொப்பியைக் காற்றில் பறிகொடுக்கிறார்கள், கடைசியில் கொட்டுகிற மழையில் மண்டபத்துக் கதவுக்கு முன்னால் நின்று வாசிக்கிறார்கள். அந்த இடத்தில் சிடி சிக்கிக்கொள்ளும். எப்படித் துடைத்துப் போட்டாலும் அதற்கு மேல் ஓடாது. எங்கள் வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஏலே செல்லையா, கதவத் தெறந்திருப்பாம்லா?" என்றார் அப்பா.

"தெறக்காம எங்கன போவான்?" என்றார் மாமா.

பாதிப் படத்தை நம்பி இரண்டு பெரிய மனிதர்கள் கிளம்பினார்கள் என்றால் இன்றைக்கு யார் நம்புவார்கள்? "பிள்ளையையும் கூட்டிக்கிட்டு மழைல போயி நிக்கப்போறியளா?" என்று அம்மா அழுதே விட்டாள். அப்பா சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. சாத்தியிருந்த மண்டபத்துக் கதவுக்கு முன்னால் நின்று வாசிக்கத் தொடங்கினார்கள். சாரலில் டோலக்கின் தோல் தொய்ந்துபோகும் என்பது மாமாவுக்குத் தெரியாதா? படத்தில் மழையில் நின்றுதானே வாசித்தார்கள் என்று இவரும் நின்றார். கொஞ்ச நேரத்திலேயே டோலக் ஈரத்துணியை அடித்த மாதிரி 'தொப் தொப்' என்றது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போன வெளியூர்க்காரர் ஒருவர், எந்தக் கடைத் திறப்பு விழா என்று என்னிடம் கேட்டார். உள்ளே கீபோர்டில் டிரம்பெட் சத்தம் வந்தது. வருஷாவருஷம் அப்பா வாசிக்கிற அதே பாட்டு. அப்பா கண்ணை மூடிக்கொண்டு இன்னும் பலமாக ஊதினார், உதடு வெடித்து ரத்தம் வந்தது. ஐயோ அப்பா, போதும்ப்பா என்று நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

பக்கவாட்டுச் சந்திலிருந்து வாட்ச்மேன் வந்தார். "அண்ணாச்சி, உள்ள கச்சேரி கேக்க முடியலைங்காவ. கொஞ்சம் அங்கன தள்ளிப் போயி வாசிங்க."

தள்ளிப் போய் வாசிக்கவில்லை. அடுத்த வாரமே அப்பா புளியறைக்குப் போய்விட்டார். டிரம்பெட் என்னவாயிற்று என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

வாடகைக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். செல்லையா மாமா இல்லை. சீசனுக்கு அந்த மண்டபத்தில் கீபோர்டுகூட இல்லை, பென்டிரைவைச் சொருகிப் பாட்டுப் போடுகிறார்கள். போன மாதம் ஊருக்குப் போனபோது, தேடிப்பிடித்த அந்தப் படத்தை என் போனில் அப்பாவுக்குப் போட்டுக்காட்டினேன். கல்லுச் சூட்டில் காய்த்துப்போன கையால் போனைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே வந்தவர், மழை தொடங்கியதும் என்னிடம் நீட்டினார்.

"போதும்ட்டி, அங்கனயே நிப்பாட்டு. கதவத் தெறந்துட்டாம்னா என்னால தாங்க முடியாது."

முந்தின நாளே நான் முழுதும் பார்த்திருந்தேன். கதவைத் திறக்கிறார்கள், துண்டு கொடுத்து, சூடாக டீ கொடுத்து, மேடைக்கே கூட்டிப்போகிறார்கள்.

"என்னட்டி, படம் அதுக்குள்ள முடிஞ்சிட்டா?" என்று அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள். இந்தப் போனிலும் அதே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறது என்று சொல்லிவிட்டேன்.