யதுகிரி டீச்சரின் இரவல் பிள்ளைகள்

கணவர் போன மறுவருஷம் யதுகிரிக்குக் கிடைத்த வேலை அது. மைசூரில் அக்ரஹாரத்துக்குப் பின்புறம், ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகள் படிக்கும் கன்னட ஆரம்பப் பள்ளி. பதினாலு வருஷமாய் அங்கேதான் டீச்சர். வீட்டில் தமிழ், வகுப்பில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும்.

சுதந்திரம் வந்து ஆறாம் வருஷம், ஊர்ப் பள்ளிகளை நடத்தும் கமிட்டிக்கு, இந்தப் பள்ளிக்கென்று சர்க்கார் மானியம் ஒன்று வந்தது. வந்ததும் கமிட்டி இரண்டாய்ப் பிளந்தது. புதுக் கட்டிடம் என்றது ஒரு கட்சி. பிள்ளைகளுக்கு மத்தியானம் உப்பிட்டு, அதாவது நம் உப்புமா, கிண்டிப் போடலாம் என்றது மற்றது. தலைவர் லிங்கப்பன் கட்டிடத்தின் பக்கம். கெட்டவரல்ல, மரத்தடியில் மழையில் நனைந்து படித்தவர். "கட்டிடம் நூறு வருஷம் நிற்கும். உப்பிட்டு சாயங்காலம்வரைகூட நிற்காது" என்று அவர் கூட்டத்தில் சொன்னது ஊரெல்லாம் பரவிவிட்டது.

அதைக் கேட்டு யதுகிரிக்கு வயிறு எரிந்தது. அவள் பள்ளியில் பேர் கொடுத்தவர்கள் நாற்பது பேர், பாதிக்குமேல் வருவதில்லை. வருகிற பிள்ளையும் பத்து மணிக்கே பசியில் சுருண்டு படுக்கும், மறுநாள் வராது. எல்லாவற்றையும் எழுதிக் கமிட்டிக்கு மனுப் போட்டாள். நேரில் பார்த்து முடிவு செய்வதாகப் பதில் வந்தது.

இங்கேதான் அவள் புத்தி கெட்டுப்போனது. மேலதிகாரி வரும் நாளில் காலி பெஞ்சைக் காட்டக்கூடாது என்பது அந்த வட்டாரத்துப் பள்ளிகளின் வழக்கம். பக்கத்துப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை இரவல் வாங்கி உட்காரவைப்பார்கள். அவர்கள் முறை வரும்போது இங்கிருந்து அனுப்புவார்கள். கமிட்டி வருகிறது என்றதும் யதுகிரி யோசிக்கவேயில்லை. ஆயா நாச்சம்மாளை அனுப்பிப் பிள்ளைகளை வரவழைத்துவிட்டாள். தொட்டில் பழக்கமாவது சுடுகாடு மட்டும். உத்தியோகப் பழக்கம் அதைவிட மோசம்.

லிங்கப்பன் உள்ளே வந்தார். நாற்பது தலைகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"பசியால் பிள்ளைகள் வருவதில்லை என்று எழுதினீர்களே அம்மா. இங்கே பெஞ்சு கொள்ளவில்லையே. நான் சொன்ன கட்டிடம்தானே வேண்டும்?"

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். வாயை மூடிக்கொண்டால் வேலை நிலைக்கும், உப்பிட்டு போய்விடும். முன் பெஞ்சில் அவள் சொந்த மாணவி சரசு, சுவரில் சாய்ந்து கண் செருகிக் கிடந்தாள். யதுகிரி வருகைப் பதிவேட்டை எடுத்தாள்.

"நான் பேர் கூப்பிடுகிறவர்கள் மட்டும் இருங்கள். மற்றவர்கள் உங்கள் பள்ளிக்குப் போங்கள்."

பதினேழு பேர் மிஞ்சினார்கள். லிங்கப்பன் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார்.

"எத்தனை வருஷமாக இந்த ஏமாற்று?"

"வேலைக்கு வந்த நாளிலிருந்து, ஐயா."

அடுத்த கூட்டத்தில் ஒரே ஓட்டில் உப்பிட்டு ஜெயித்தது. அந்த ஓட்டு லிங்கப்பனுடையது. அதே கையால் அவளை ஊரின் மறுகோடிப் பள்ளிக்கு மாற்றி, சம்பள உயர்வையும் நிறுத்திவைத்தார். நியாயம்தான். ஆனாலும் அவள் அன்று அழுதாள்.

ஒரு மாதம் கழித்து நாச்சம்மாள் பார்க்க வந்தாள்.

"குழந்தைகள்லாம் வராளாடி?"

"அதையேனுங்கம்மா கேக்கறீங்கோ. நாப்பது பேரும் வந்து, தம்பி தங்கச்சியையும் இழுத்துட்டு வர்றாங்கோ. உள்ளார எடமில்லீங்க. பாதிப் பேரு வெயில்ல உக்காந்துதான் திங்கறாங்கோ, படிக்கறாங்கோ."

யதுகிரிக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் காகிதத்தை எடு, நாச்சம்மா. கட்டிடம் வேணும்னு லிங்கப்பனுக்கு மனு எழுதணும்."